காரில் வைக்க எந்தத் தீயணைப்பான் நல்லது? வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் சாலையில், எனக்கு முன்னால் போன காரின் பானட்டிலிருந்து புகை கிளம்பியது. நானும் ஓரம் கட்டினேன். என்னிடம் தீயணைப்பான் இருந்தது. ஆனால் டிக்கியில், ஊருக்குக் கொண்டுபோன பைகளுக்கும் அரிசி மூட்டைக்கும் அடியில். இழுத்து எடுப்பதற்குள் புகை நெருப்பாகிவிட்டது. ஓடிப்போய்ப் பின்னைப் பிடுங்கி அழுத்தினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது, பவுடர் கொஞ்சமே வந்தது. இத்தனைக்கும் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பச்சையில்தான் நின்றது. பின்னால் வந்த லாரி டிரைவர் "தள்ளிக்கோ தம்பி" என்று தன் பெரிய சிலிண்டரால் அணைத்தார். காரில் இருந்தவர்கள் முன்பே இறங்கிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் பாதிக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: ஏபிசி பவுடர் வகை, குறைந்தது 1 கிலோ, இடம் இருந்தால் 2 கிலோ. சீட், வயர் உறை போன்றவை எரிவது ஏ வகை, பெட்ரோல், டீசல் பி வகை, எரிவாயு சி வகை. கார் தீயில் இவை கலந்தே இருக்கும். மின்சாரக் கோளாறிலும் இந்தப் பவுடரை அடிக்கலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கனமானது, திறந்த சாலையில் அந்த வாயுவைக் காற்று கலைத்துவிடும். வாசனைத் திரவிய டப்பா போல வரும் குட்டி ஸ்பிரேக்களை நான் நம்புவதில்லை. பலவற்றில் மீட்டரே இல்லை, உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும், கையில் தூக்கும் தீயணைப்பான்களுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 15683-ம் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையான உரிமம்தானா என்று தெரிந்துவிடும். தயாரித்த மாதம், ஆண்டையும் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்ததை வாங்காதீர்கள்.

அடுத்தது, வைக்கும் இடம். டிக்கி வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். டாஷ்போர்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கை வைக்க முடியாது. எந்த வெப்பம் வரை தாங்கும் என்று சிலிண்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் சும்மா போட்டு வைப்பது இவற்றைவிட ஆபத்து. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். பக்கத்து சீட்டின் முன்புறம், கீழே, இரும்புக் கிளாம்ப் போட்டு நட்டு முடுக்கி வைத்திருக்கிறேன். சீட்டில் இருந்தபடியே கை எட்டும்.

என் சிலிண்டர் ஏன் கைவிட்டது? வண்டி ஓடும் அதிர்விலேயே பவுடர் அடியில் இறுகிக்கொண்டே போகும். அது கட்டியாகிவிட்டால், அழுத்தும்போது உள்ளிருக்கும் நைட்ரஜன் மட்டும் வெளியேறும். முள் அழுத்தத்தைத்தான் காட்டும், பவுடரின் நிலையை அல்ல. இப்போது மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் நாலு தட்டு தட்டிக் குலுக்குகிறேன். பவுடர் சரிந்து விழுவது கையில் தெரியும். தெரியவில்லை என்றால் ரீஃபிலுக்குக் கொடுத்துவிடுவேன். கூடவே முள், பின், சீல், நாசில் வாயில் குளவி கட்டிய மண், அடியில் துரு எல்லாம் ஒரு பார்வை. மொத்தம் இரண்டு நிமிட வேலை.

பயன்படுத்தும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1 கிலோ சிலிண்டர் பத்து நொடி கூட வராது. அதனால் முதலில் இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வைத்து, 101 அல்லது 112-க்கு ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். பானட்டை முழுதாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ முகத்துக்கு எழும். உள்ளே இருக்கும் லீவரை மட்டும் இழுத்துவிட்டு, அந்த இடுக்கு வழியாக, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, தீயின் அடியைப் பார்த்து அடியுங்கள். சிலிண்டர் காலியாகியும் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு விலகுங்கள். கேஸ் டேங்க் பக்கம் தீ வந்தாலோ, மின்சாரக் காரின் பேட்டரி எரிந்தாலோ முயற்சியே வேண்டாம். பேட்டரிக்குள் சூடு தொடர்ந்துகொண்டே இருக்கும், பவுடரால் அதை நிறுத்த முடியாது. அணைந்தது போலிருந்து மறுபடி பற்றும்.

அப்புறம், வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நொடிகூட அழுத்திப் பார்க்காதீர்கள். வால்வில் பவுடர் மாட்டிக்கொண்டு அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். ஒருமுறை அழுத்தினாலே ரீஃபில் செய்தாக வேண்டும்.