டாக்டர் ஹூ கேள்வி பதில்: அழிக்கப்பட்ட அத்தியாயங்களும் அறுபதாண்டுக் குழப்பங்களும்

பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய, ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசி காலத்தில் பயணம் செய்யும் கதையான ‘டாக்டர் ஹூ’ தொடரைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேள்விகளில் பெரும்பாலானவை தொலைந்துபோன பழைய அத்தியாயங்களைப் பற்றியவை என்பதால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தொடரில் எது புதிராகத் தோன்றினாலும், கதைக்குள் விடை தேடுவதற்கு முன்பு அந்த அத்தியாயம் எந்த ஆண்டில், எந்த நெருக்கடியில் எடுக்கப்பட்டது என்று பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலான விடைகள் அங்கேதான் கிடைக்கின்றன.

கேள்வி: நான் இதுவரை ஓர் அத்தியாயம்கூடப் பார்த்ததில்லை. 1963இலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். 2005 மார்ச் 26 அன்று ஒளிபரப்பான ‘ரோஸ்’ அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர் நின்றுபோயிருந்த நிலையில், அதைப் பற்றி எதுவும் அறியாத புதிய தலைமுறைக்காக ரஸல் டி. டேவிஸ் எழுதியது அது. அங்கிருந்து நான்கைந்து சீசன் பார்த்த பிறகு பழையவற்றுக்கு வாருங்கள். 1975இல் வந்த ‘ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’, 1979இல் வந்த ‘சிட்டி ஆஃப் டெத்’ ஆகிய இரண்டும் நல்ல நுழைவாயில்கள். பழைய கதைகளை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். அவை வாரம் ஒன்றாக, ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டவை. ஆறு பகுதிகளைச் சேர்த்து ஒரே இரவில் பார்ப்பவருக்கு ஓடுவதும் பிடிபடுவதும் தப்புவதுமே திரும்பத் திரும்ப நடப்பதுபோலத் தெரியும்.

கேள்வி: ஐயா, பிபிசி போன்ற பெரிய நிறுவனம் தன்னுடைய புகழ்பெற்ற தொடரைத் தானே அழித்தது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. உண்மையில் நடந்தது என்ன?

உண்மைதான். வில்லியம் ஹார்ட்னெல், பாட்ரிக் ட்ரௌட்டன் ஆகிய, டாக்டர் வேடத்தை ஏற்ற முதல் இரண்டு நடிகர்களின் காலத்தில் 253 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. அவற்றில் நூற்றுக்குச் சற்றுக் குறைவானவற்றின் படச்சுருளோ நாடாவோ இன்று எங்கும் இல்லை. இதை ஒரு தனிமனிதரின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு துறைகள் தத்தம் விதிகளின்படி சரியாக வேலை செய்ததால் நேர்ந்த இழப்பு இது.

அன்று நிகழ்ச்சிகள் இரண்டு அங்குல அகலமுள்ள வீடியோ நாடாவில் பதிவாயின. அந்த நாடா விலை மிக்கது. அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தக்கூடியது. நடிகர் சங்கத்துடனும் எழுத்தாளர்களுடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதால், ஒளிபரப்பி முடித்த நாடாவை வைத்திருப்பதில் பொறியியல் துறைக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. எனவே 1967 முதல் நாடாக்கள் அழிக்கப்பட்டன. அதே சமயம், வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக பிபிசி என்டர்பிரைசஸ் என்ற விற்பனைப் பிரிவு 16 மில்லிமீட்டர் படச்சுருள் பிரதிகளை எடுத்து வைத்திருந்தது. விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும், வண்ண ஒளிபரப்பு பரவிவிட்டதால் கறுப்பு வெள்ளைப் படத்தை இனி யாரும் வாங்கமாட்டார்கள் என்ற கணக்கில், அந்தப் பிரிவும் தன் பிரதிகளை ஒழித்தது. நாடாவை அழித்தவர்கள் படச்சுருள் இருக்கிறது என்று எண்ணினார்கள். படச்சுருளை ஒழித்தவர்கள் மூல நாடா பத்திரமாக இருக்கும் என்று எண்ணினார்கள். வீட்டில் வீடியோ பார்க்கும் காலம் ஒன்று வரும் என்பது இருவர் கணக்கிலும் இல்லை. ஒளிபரப்பான அனைத்தையும் பாதுகாக்கும் பொறுப்புள்ள காப்பகம் முறையாக அமைந்து, அழிப்பு நின்றது 1978இல்தான்.

கேள்வி: அப்படியானால் இப்போது நாம் பார்க்கும் அறுபதுகளின் கதைகள் எப்படிப் பிழைத்தன?

சில பிரதிகள் லண்டனிலேயே தப்பிக் கிடந்தன. மற்றவற்றில் பலவற்றை விற்பனை முறையே காப்பாற்றியது. ஒவ்வொரு நாட்டுக்கும் புதிய பிரதி எடுத்து அனுப்புவது செலவு என்பதால், ஒரு நிலையம் ஒளிபரப்பிய சுருளை அடுத்த நாட்டின் நிலையத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தச் சங்கிலியின் கடைசியில் இருந்தவர்கள் சுருளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டுச் சான்று அனுப்ப வேண்டும். எல்லாரும் இரண்டில் ஒன்றைச் செய்யவில்லை என்பது நம் நல்வினை.

முழுமையாகத் தொலைந்துவிட்டதென்று கருதப்பட்ட ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ நான்கு பகுதிகளும் ஹாங்காங்கின் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து திரும்பி வந்து, 1992இல் ரசிகர்கள் கைக்குக் கிடைத்தன. 2013 அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையத்திலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீட்கப்பட்ட செய்தி வெளியானது. ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ கதை அதனால் முழுமையானது. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையில் மூன்றாம் பகுதி மட்டும் இன்னும் இல்லை. பிற்காலத்தில் பிரிகேடியராகத் தொடரின் தூண்களில் ஒருவரான லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் முதன்முதலாகத் தோன்றுவது அந்தப் பகுதியில்தான். அது ஒன்று மட்டும் விடுபட்டதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

நைஜீரியா, ஹாங்காங் மட்டுமல்ல; லண்டனின் கிளாப்ஹம் பகுதியில் ஒரு தேவாலயக் கட்டடத்தின் அடித்தளத்தில்கூட 1983இல் இரண்டு அத்தியாயங்கள் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: ஆஸ்திரேலியத் தணிக்கைத் துறையால் சில காட்சிகள் பிழைத்தன என்று படித்தேன். தணிக்கை எப்படிக் காப்பாற்றும்?

குழந்தைகள் பார்க்கும் நேரத்துக்கு ஒவ்வாத அளவு பயங்கரமானவை என்று கருதிய காட்சிகளை ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் படச்சுருளிலிருந்து வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளைக் கோப்பில் வைத்தார்கள். 1996இல் அந்நாட்டு அரசு ஆவணக் காப்பகத்தில் அத்துண்டுகளை ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதனால் ‘ஃப்யூரி ஃப்ரம் தி டீப்’, ‘தி மேக்ரா டெரர்’ போன்ற கதைகளில் யாரும் பார்க்கக் கூடாது என்று நீக்கப்பட்ட சில நொடிகள் இன்று நம்மிடம் அசையும் படமாக இருக்கின்றன. அனுமதிக்கப்பட்ட மீதிப் பகுதி இல்லை. அத்துண்டுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தத் தொடர் முழுக்க முழுக்க அலறலும் மூச்சுத்திணறலும் மட்டுமே என்று தோன்றும். அந்த எண்ணத்தைச் சரிசெய்ய ஒலிப்பதிவைக் கேட்டாக வேண்டும்.

கேள்வி: எல்லா அத்தியாயங்களுக்கும் ஒலி இருக்கிறதா? அது யாருடைய பதிவு?

எல்லாவற்றுக்கும் இருக்கிறது. பிபிசியின் பதிவல்ல, ரசிகர்களின் பதிவு. அறுபதுகளில் பள்ளிப் பிள்ளைகளாக இருந்த சிலர், சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்து, வீட்டார் பேசாமலிருக்க வேண்டிக்கொண்டு நாடாவில் பதிந்தார்கள். இன்னும் சிலர் பெட்டியின் உள்ளேயிருந்தே கம்பி இணைத்து, வெளிச்சத்தம் கலக்காமல் எடுத்தார்கள். மறுபடி காட்டமாட்டார்கள் என்பதால் மறுபடி கேட்பதற்காவது வைத்துக்கொள்வோம் என்பதே அவர்கள் எண்ணம். ஜான் குரா என்ற புகைப்படக்காரர் தொலைக்காட்சித் திரையையே படமெடுத்து இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும் விற்றுவந்தார். ஓர் அத்தியாயத்துக்குப் பல பத்துப் படங்கள் வரை அவரிடமிருந்து கிடைக்கின்றன. இன்று வெளிவரும் அனிமேஷன் மீட்டுருவாக்கங்கள் அந்த ஒலியின்மீதும் அந்தப் படங்களின்மீதும் எழுந்தவை. 2006இல் ‘தி இன்வேஷன்’ கதையின் விடுபட்ட இரண்டு பகுதிகளில் இம்முயற்சி தொடங்கியது. 2016இல் ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ ஆறு பகுதிகளும் அனிமேஷனாக வந்தன.

ஒலி போதுமா என்றால், போதாது. ட்ரௌட்டன் முகத்தாலும் கைகளாலும் நடித்தவர். வசனம் இல்லாத இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை எந்த ஓவியராலும் ஊகிக்க மட்டுமே முடியும்.

கேள்வி: எழுபதுகளின் கதைகள் சில கறுப்பு வெள்ளையில் மட்டுமே மிஞ்சின என்றும், அவற்றுக்கு ‘அசல்’ வண்ணமே திரும்பக் கிடைத்தது என்றும் சொல்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் வண்ணம் எப்படி ஒளிந்திருக்கும்?

மூன்றாவது டாக்டரான ஜான் பெர்ட்வீ காலத்து அத்தியாயங்கள் வண்ண நாடாவில் எடுக்கப்பட்டவை. அவற்றில் சிலவற்றின் நாடா அழிந்து, விற்பனைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள் மட்டும் எஞ்சியது. அந்தச் சுருளை எடுக்கும்போது திரை ஒன்றின்முன் படக்கருவியை வைத்து எடுத்தார்கள். வண்ணத் தகவலைச் சுமக்கும் அலையை வடிகட்டாமலே அந்தத் திரைக்கு அனுப்பியிருந்தால், அது திரையில் மிக நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். படக்கருவி அந்தப் புள்ளிகளையும் சேர்த்தே பதிந்துவிட்டது. சுருளை மிக உயர்ந்த தெளிவில் வருடினால் டாக்டரின் சட்டையிலும் சுவரிலும் நெசவைப் போன்ற ஒரு மென்வடிவம் தெரிகிறது. அந்தப் புள்ளிகளின் அமைப்பைக் கணினியால் அளந்தால் அந்த இடத்தின் நிறம் என்னவென்று சொல்லிவிடலாம். யாரும் ஊகித்துப் பூசிய நிறமல்ல அது. 1973இன் ‘பிளானட் ஆஃப் தி டாலெக்ஸ்’ மூன்றாம் பகுதிக்கு இம்முறை பயன்பட்டது. 1971இன் ‘தி மைண்ட் ஆஃப் ஈவில்’ கதையில் ஐந்து பகுதிகளுக்குப் புள்ளிகள் இருந்தன. முதல் பகுதியில் மட்டும் இல்லை. ஆகவே அதற்குக் கையால் வண்ணமூட்டினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், உழைப்பின் தரம் புரியும்.

கேள்வி: டாக்டருக்குப் பன்னிரண்டு உருமாற்றங்கள்தான் என்ற விதியை யார் வைத்தது? பிறகு எப்படி மீறினார்கள்?

1966இல் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியபோது, நாயகனை மாற்றினாலும் தொடரை நிறுத்தாமலிருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அக்டோபர் 29 அன்று ‘தி டென்த் பிளானட்’ கதையின் முடிவில் அவர் முகம் ட்ரௌட்டனின் முகமானது. அப்போது விதி எதுவும் இல்லை. இந்த உருமாற்றத்துக்கு ரீஜெனரேஷன் என்ற பெயரே 1974இல்தான் வந்தது. பன்னிரண்டு என்ற எல்லையை ராபர்ட் ஹோம்ஸ் 1976இல் ‘தி டெட்லி அசாசின்’ கதைக்காக எழுதினார். சாகும் தறுவாயில் எதற்கும் துணியும் எதிரியாக, டாக்டரின் இனத்தாரான மாஸ்டரைக் காட்ட அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவே. நான்காவது டாக்டர் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் பதின்மூன்றாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2013 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் அந்த இனத்தாரான டைம் லார்டுகள் புதிய சுற்று ஒன்றை அவருக்கு வழங்கியதாகக் காட்டிக் கணக்கைத் தீர்த்தார்கள். அது நேர்மையான தீர்வு என்பது என் கருத்து.

கேள்வி: யூனிட் என்ற ராணுவ அமைப்பு வரும் கதைகள் எழுபதுகளில் நடக்கின்றனவா, எண்பதுகளிலா? இதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.

தொடர் தரும் சான்றுகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ நடப்பது 1935இலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பிறகு. அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து ‘தி இன்வேஷன்’. ஆக, யூனிட் தொடங்குவதே ஏறத்தாழ 1979. 1975இல் வந்த ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதையில் டாக்டருடன் பயணிக்கும் சாரா ஜேன் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். இதுவரை எல்லாம் பொருந்துகிறது. 1983இல் வந்த ‘மாட்ரின் அன்டெட்’ மட்டும் யூனிட்டின் தலைவரான பிரிகேடியர் 1976இலேயே ஓய்வு பெற்றுப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருவதாகக் காட்டுகிறது. அந்தப் பாத்திரம் முதலில் டாக்டரின் பழைய தோழரான இயன் செஸ்டர்டன் என்ற ஆசிரியருக்காகத் திட்டமிடப்பட்டது. நடிகர் அமையாததால் பிரிகேடியருக்கு மாறியது. பள்ளிக்கூடம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். என் முடிவு எண்பதை ஒட்டிய ஆண்டுகளே. 2008இல் டாக்டரே எழுபதுகளா எண்பதுகளா என்று தடுமாறுவதாக ஒரு வசனம் வைத்தார்கள். ஆகவே மாறுபடுவோரோடு எனக்குச் சண்டையில்லை.

கேள்வி: டாக்டரே டைம் லார்டு இனத்தின் மூலவித்து, ஹார்ட்னெல்லுக்கு முன்பும் அவருக்குப் பல முகங்கள் இருந்தன என்று சொல்லும் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ அத்தியாயத்தை ஏற்கிறீர்களா?

எது அதிகாரபூர்வமான கதை, எது அல்ல என்று பிபிசி ஒருபோதும் வரையறுத்ததில்லை. எனவே 2020இல் வந்த அந்த அத்தியாயத்தை மறுக்க எனக்கு உரிமையில்லை. 1976இன் ‘தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்’ கதையிலேயே ஹார்ட்னெல்லுக்கு முந்தைய முகங்கள் திரையில் வந்ததையும் மறக்கலாகாது. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. தன் இனத்தாரில் எந்தச் சிறப்பும் இல்லாத ஒருவர், வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனமில்லாமல் டார்டிஸ் என்னும் பழைய காலப்பயண வாகனம் ஒன்றைத் திருடிக்கொண்டு கிளம்பினார் என்பதுதான் இந்தக் கதையின் அழகு. அவரே அந்த இனத்தின் மூலவித்து என்று ஆக்கினால், அவர் செய்யும் நன்மைக்கு அவருடைய முடிவைவிட அவருடைய பிறப்பு காரணமாகிவிடுகிறது.

கேள்வி: மீதமுள்ள அத்தியாயங்கள் எல்லாம் ஒருநாள் கிடைத்துவிடுமா, ஐயா?

எல்லாம் கிடைக்கா. 1965 கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பான ‘தி ஃபீஸ்ட் ஆஃப் ஸ்டீவன்’ வெளிநாடுகளுக்கு விற்பனைக்கே வைக்கப்படவில்லை. எந்த நாட்டு அலமாரியிலும் அதைத் தேடுவது வீண். மற்றவற்றில் சில தனியார் சேகரிப்புகளில் இருக்க வாய்ப்புண்டு. சேகரிப்பாளர்களைத் திருடர்கள் என்று ஏசுவதை நம்மவர்கள் நிறுத்த வேண்டும். குப்பைக்குப் போன சுருளை எடுத்து வைத்தவர்களே அவர்கள். ஏசினால் பெட்டி இன்னும் இறுகப் பூட்டப்படும். காலமும் அதிகமில்லை. அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். பிறகு சுருங்கி வளைந்து, இயந்திரத்தில் ஓட்ட முடியாததாகிவிடும். பழைய 16 மில்லிமீட்டர் சுருள் எதுவானாலும், இந்தத் தொடராக இல்லாவிட்டாலும், அந்த வாடை வந்தால் வீட்டுப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காமல், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, திரைப்படக் காப்பகம் ஒன்றை உடனே அணுகுங்கள்.