டாக்டர் செல்போனைப் பார்த்து மருந்து எழுதினால்...

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது, எடை 48 கிலோ. சிறுநீர்த் தொற்றுக்காக டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2. டாக்டர் செல்போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, லீவோஃப்ளாக்சசின் முதல் நாள் 500 மி.கி., மறுநாளிலிருந்து 250 என்று எழுதினார். மருந்துக் கடைக்காரர் "வழக்கமா 500 தானே தருவாங்க" என்கிறார். கூகுளிலும் அப்படித்தான் இருக்கிறது. தெரியாமல் எழுதிவிட்டாரோ? அம்மா இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார், அதைத் தொடரலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர் சொன்ன 500, சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு. உங்கள் அம்மாவுக்கு டாக்டர் எழுதியதுதான் சரி.

ரிப்போர்ட்டில் 1.2 என்பது எல்லையை ஒட்டி நிற்கும் எண். பார்த்தால் பயமுறுத்தாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. வயதாகி மெலிந்தவருக்குத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் பெரிதாக ஏறாது. அதனால்தான் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிட, காக்ராஃப்ட்-கால்ட் என்றொரு கணக்கு 1976 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். நீங்கள் தந்த எண்களைப் போட்டேன்: நிமிடத்துக்குச் சுமார் 32 மி.லி. இளம் வயதில் 100-ஐ ஒட்டி இருக்கும். இந்த எண் 20 முதல் 49 வரை உள்ளவர்களுக்கு இந்த மருந்து முதலில் 500, பிறகு தினம் 250.

முதல் நாள் மட்டும் ஏன் முழு அளவு? காலித் தொட்டியை நிரப்பத் தண்ணீர் முழுசாகத்தான் வேண்டும். சிறுநீரகம் என்ற வடிகால் மெதுவாக ஓடினால், அதற்குப் பிறகு திறந்துவிடுவதைத்தான் குறைக்க வேண்டும்.

இத்தனை மருந்துகளுக்கும் இத்தனை வரம்புகளையும் மனப்பாடமாக வைத்திருக்கும் டாக்டர் யாரும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் நான் அவரிடம் போகமாட்டேன். முன்பு வெள்ளைக் கோட்டுப் பையில் தடிமனான ஒரு கையேடு தொங்கும், இப்போது அதுவே செல்போனில். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் வெளியிடும் தேசிய மருந்துக் கையேடு, பிரிட்டிஷ் தேசிய மருந்துக் கையேடு, லெக்சிட்ரக் (முன்பு லெக்சிகாம்ப்) போன்ற சந்தா செயலிகள், இப்படி ஒன்றைப் பார்த்திருப்பார். கூகுளில் கண்ணில் படுவது பெரும்பாலும் பொதுவான அளவு. இவற்றில் நோய், வயது, சிறுநீரகம், கல்லீரல், கர்ப்பம், கூடவே சாப்பிடும் மாத்திரைகள் என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

பார்த்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. சிறுநீர்த் தொற்றுக்கு இன்னொரு மருந்தான நைட்ரோஃபுரன்டாயினை, சிறுநீரகச் செயல்பாடு 45-க்குக் கீழே போனால் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது பிரிட்டிஷ் கையேடு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலோ 30-க்குக் கீழே தவிர் என்கிறது. உங்கள் அம்மா நடுவில் மாட்டிக்கொள்கிறார்! அங்கே செயலி முடிவெடுக்காது, டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

தேடியதில் பிழை வருவது பெரும்பாலும் நாம் கொடுக்கும் தகவல் பழசாக இருப்பதால். போன வருட எடையைச் சொல்லாதீர்கள். சமீபத்திய ரத்த ரிப்போர்ட்டையும் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சர்க்கரை மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். லீவோஃப்ளாக்சசினோடு சேர்ந்து சர்க்கரை திடீரென இறங்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் ஆன்டிபயாட்டிக் உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணிநேரம் முன்போ பின்போ தள்ளிக் கொடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்துக்கும் இதே இடைவெளிதான். குதிகாலுக்கு மேலே நரம்பு இழுப்பதுபோல் வலித்தால் மட்டும், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.