எழுத்துத் தெரியாத பிள்ளையும் சேர்ந்து விளையாட எந்தக் காட் விளையாட்டு வாங்கலாம்?

நாலு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பையன்கள், சின்னவனுக்கு எழுத்துத் தெரியாது, பெரியவனுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்புகிறது, இருவரும் சேர்ந்து விளையாட எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி டீச்சராக இருக்கிறேன். இங்கே மழை பிடித்தால் பிள்ளைகள் காம்பராவை விட்டு வெளியே போக முடியாது. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்விதான்.

ஊனோ (UNO) வாங்குங்கள், நடுவில் கிடக்கும் காட்டுக்கு நிறமோ எண்ணோ பொருந்துகிற காட்டைப் போடும் விளையாட்டு அது. ஆனால் பெட்டியில் சொன்னபடி விளையாட வேண்டாம். சின்னவனுக்கு மட்டும் என்றால் அதுவும் தேவையில்லை, சாதாரணக் காட் கட்டே போதும்.

ஊனோவில் எண்ணும் நிறமும் சில அடையாளங்களும்தான், வாசிக்க ஒன்றுமில்லை. கடையில் அழகாக இருக்கும் பல விளையாட்டுகளில் காட்டிலேயே ஆங்கில வசனம் இருக்கும். பிள்ளை ஒவ்வொரு தடவையும் "அம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று நீட்டினால் அவன் கையிலிருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் என்ன விளையாட்டு? பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் ஊனோவில் மொழி குறுக்கே வராது.

பழைய கட்டில் 108 காட், புதிய கட்டுகளில் 112. எதிலும் 76 வெறும் எண் காட். மீதி எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஏழுக்குப் பதிலாக ஆளுக்கு ஐந்து கொடுத்தால் சின்னவன் சமாளிப்பான். 6க்கும் 9க்கும் அடியில் கோடு இருக்கும், அதை அவனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். சிவப்பு-பச்சைக் குழப்பம் பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. கவனக்குறைவு என்று அவனை ஏசிப் பயனில்லை. போர்த்துக்கலைச் சேர்ந்த மிகேல் நெய்வா என்ற வடிவமைப்பாளர் நிறங்களுக்கென்று உருவாக்கிய குறியீடுகளை அச்சிட்டு 2017இல் ஒரு ஊனோ கட்டு வந்தது. அது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அழியாத மார்க்கர் ஒன்று போதும். சிவப்புக்கு ஒரு பொட்டு, பச்சைக்கு ஒரு கொழுந்து, நீலத்துக்கு அலைக்கோடு, மஞ்சளுக்கு ஒன்றும் வேண்டாம். காட்டின் நடுவில் போட்டால் விரித்துப் பிடிக்கும்போது மறைந்துவிடும். மூலையில் எண்ணுக்குப் பக்கத்திலே ஒன்று, எதிர்மூலையிலும் ஒன்று போடுங்கள். அப்போது தலைகீழாகப் பிடித்தாலும் தெரியும். கரண்ட் போய் விளக்கு வெளிச்சத்தில் உட்காரும்போது இந்தக் குறி நமக்கும் உதவும்.

நாலு வயதுக் கையால் ஐந்து காட்டை விரித்துப் பிடிக்க முடியாது, இரண்டு விழும், அழுகை வரும். மாஜரின் டப்பா மூடி இரண்டை முதுகோடு முதுகாக வைத்து நடுவில் ஸ்டேப்ளர் அடியுங்கள். ஓரத்து இடுக்கில் காட்டைச் செருகினால் விழாமல் நிற்கும், பிள்ளை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். விரல் நடுங்குகிற அப்பாயிக்கும் ஒன்று செய்து கொடுங்கள்.

சின்னவனுக்கு ஜோடி தேடும் விளையாட்டு. உங்கள் லயத்தில் பெரியவர்கள் 304 என்ற காட் ஆட்டம் ஆடுவார்கள்தானே? நாலு பேர் ஆட்டத்துக்கு 32 காட்தான் வேண்டும். 2 முதல் 6 வரையான 20 காட் ஒதுக்கித்தான் கிடக்கும். அவற்றில் ஒரு சிவப்பு வகை, ஒரு கறுப்பு வகை எடுத்தால் ஐந்து ஜோடி. கவிழ்த்துப் பரப்பி, இரண்டிரண்டாகத் திருப்பச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டாலும் காட்டில் உள்ள உருவங்களை விரலால் எண்ணிப் பொருத்துவான். நிறத்தைப் பார்க்கவே தேவையில்லை என்பதால் அண்ணனும் சமமாக உட்காரலாம். இந்த விளையாட்டில் சின்னப் பிள்ளைகள் நம்மை வெல்வது சர்வசாதாரணம், விட்டுக்கொடுத்து நடிக்க வேண்டியதில்லை. பழகியதும் 20ஐயும் பரப்புங்கள்.

ஒரே மாதிரி இரண்டு காட் விழுந்ததும் கையை அடிக்கிற ஸ்னாப் மட்டும் வேண்டாம். யார் முதலில் கையை அடிக்கிறார் என்பதில் ஏழு வயதுதான் எப்போதும் ஜெயிக்கும், சின்னவன் சண்டை பிடித்து எழும்பிவிடுவான்.

மலிவான போலிக் கட்டுகளில் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகத் தெரிவதுண்டு. காசு கொடுக்குமுன் கடைக்காரரைக் கேட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.