கெலெட்டியின் 1956 குழுத் தங்கம்

அன்புள்ள ஐயா,

ஆக்னெஸ் கெலெட்டி பற்றிய உங்கள் குறிப்பில் அவரை ‘ஹங்கேரியின் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை’ என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய 10 ஒலிம்பிக் பதக்கங்களும் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (கம்பி, பீம் எனும் ஒடுங்கிய சட்டம் போன்றவற்றில் ஆடுவது) கணக்கில்தான் இருக்கின்றன. ரிப்பன், வளையம், பந்து என்று கையில் எடுத்து இசைக்கு ஆடும் ரிதமிக் ஒலிம்பிக்குக்குள் வந்ததே 1984இல்தானே? இன்னொன்று, என் மகளுக்கு 12 வயது, ரிப்பன் பழகுகிறாள். தாமதமாக ஆரம்பித்துவிட்டோமோ என்று இப்போதே கவலைப்படுகிறாள். கெலெட்டி 31 வயதில்தான் முதல் ஒலிம்பிக்கில் ஆடினார் என்று சொல்லித் தேற்றினேன். சரிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதிவேட்டின்படி நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் அந்த 10 பதக்கங்களில் இரண்டைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்போர்னிலும் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் இப்போது இல்லாத ஒரு போட்டி இருந்தது. கையில் எடுத்து ஆடும் கருவிகளோடு மொத்த அணியும் இசைக்கு ஒன்றாக ஆட வேண்டும், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். இன்றைக்கு ஐந்து பெண்கள் வளையத்தையும் பந்தையும் வீசிப் பிடித்து ஆடும் குழுப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஹெல்சிங்கியில் ஹங்கேரிக்கு இதில் வெண்கலம். 1954 ரோம் உலகப் போட்டியில் தங்கம். மெல்போர்னிலும் தங்கம், ஸ்வீடனை முந்தி. அந்த மெல்போர்ன் அணியில் மார்கிட் கோரொண்டி, ஆலீஸ் கெர்டேஸ் ஆகியோரோடு 35 வயது கெலெட்டியும் இருந்தார்.

உங்கள் பக்கத்தின் வலுவான வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்: அதே பெண்கள்தான் கம்பியிலும் பீமிலும் ஆடினார்கள், இதற்கென்று தனி வீராங்கனைகள் இல்லை. உண்மைதான். ஆனால் மெல்போர்னோடு அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. அப்புறம் சில வருஷத்திலேயே இந்தக் கலை தனி விளையாட்டாகி, 1963இல் அதன் முதல் உலகப் போட்டி நடந்தது. எங்கே? புடாபெஸ்டில். 10 ஐரோப்பிய நாடுகளிலிருந்து 28 பேர் வந்தார்கள், சோவியத்தின் லுட்மிலா சவின்கோவா ஜெயித்தார். தான் பிறந்த ஊரில் அது நடக்கும்போது கெலெட்டி இஸ்ரேலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 1956இல், மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்குவதற்கு 18 நாள் முன்பு சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் நுழைந்தன. போட்டி முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

1984இல் லாஸ் ஏஞ்சலஸில் ரிதமிக் முதன்முறையாக ஒலிம்பிக்கில் வந்தபோது சோவியத் பக்கம் நின்று புறக்கணித்த நாடுகளில் ஹங்கேரியும் ஒன்று. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த நாட்டுக்கு ரிதமிக்கில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. குழுப் போட்டி ஒலிம்பிக்குக்கு வந்ததோ 1996இல், மெல்போர்னுக்கு 40 வருஷம் கழித்து. இந்த விளையாட்டின் முதல் உலகப் போட்டியை நடத்திய ஊரிலிருந்து ரிதமிக் வீராங்கனை ஃபன்னி பிக்னிட்ஸ்கி டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போய்ப் பதக்கமில்லாமல் திரும்பினார் என்று படிக்கிறபோது, 1956இன் அந்தத் தங்கம் வேறொரு தலைப்பின் கீழ் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி மகள் விஷயம். 31 வயது உதாரணத்தைத் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கெலெட்டி தாமதமாக ஆரம்பித்தவர் இல்லை. 1940 ஒலிம்பிக்கும் 1944 ஒலிம்பிக்கும் போரால் நடக்கவே இல்லை. நடுவில் 1941இல், யூதர் என்பதற்காக அவரை கிளப்பிலிருந்து வெளியேற்றினார்கள். வேறொரு பெண்ணின் அடையாளத் தாள்களை வாங்கி, கிறிஸ்தவப் பெண் என்று சொல்லி, வீட்டு வேலை செய்து உயிர் பிழைத்தார். அப்பாவை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். 1948இல் லண்டன் வரை போனவருக்குக் கணுக்காலில் அடிபட்டு, அங்கேயும் ஆட முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் ஹெல்சிங்கி. அவருடைய நல்ல வயதெல்லாம் பறிபோயிருந்தது, அதைக் காட்டி 12 வயதுப் பெண்ணிடம் ‘பார், 31இலும் முடியும்’ என்று சொன்னால் நடந்த அநியாயம் ஏதோ நல்ல பாடம் மாதிரி ஆகிவிடும்.

மகளுக்குச் சொல்ல பிக்னிட்ஸ்கி போதும். 2000இல் பிறந்தவர், பாரிஸில் ஆடும்போது 24 வயது, சின்னப் பெண்களே நிறைந்த விளையாட்டில் இரண்டாவது ஒலிம்பிக். ரிப்பனை எவ்வளவு நாள் ஆட ஆசையோ அவ்வளவு நாள் ஆடட்டும், அதற்குப் பதக்கமும் வேண்டியதில்லை.

என் குறிப்பில் ஒரு திருத்தம் கட்டாயம் தேவை, அதைச் சுட்டியதற்கு நன்றி. ‘ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை’ என்பதை எடுத்துவிட்டு, ‘ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அதில் தங்கம் வென்ற ஆறு ஹங்கேரியப் பெண்களில் ஒருவர்’ என்று இன்றிரவு மாற்றிவிடுகிறேன்.