கேளுங்க, சொல்றோம்: மாமியாரும் எரிமலையும்

கேள்வி: கொரியா டூர்ல ஜெஜு தீவுக்கும் போறோம். அங்க கடலோரத்துல சொங்சான் இல்ச்சுல்போங்னு ஒரு எரிமலைக் குன்று இருக்காமே, விடியக்காலைல ஏறி சூரிய உதயம் பாத்தே ஆகணும்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறார். மாமியாருக்கு 64 வயசு, முட்டிவலி வேற. ஏற முடியுமா?

பதில்: உயரம் 182 மீட்டர்தான், நல்லா நடக்கறவங்க அரை மணி நேரத்துல போயிடுவாங்க, ஆனா மேல போகப்போக எல்லாம் செங்குத்தா படி, அதுலயும் முட்டிவலிக்காரங்களுக்கு ஏறுறதைவிட இறங்குறதுதான் கொடுமை, அதனால மாமியாரை உச்சிக்கு இழுக்காதீங்க. டிக்கெட் எடுக்காமலே கீழ புல்வெளிப் பக்கமா நடக்க பாதை இருக்கு, அங்கயிருந்தே கடலும் செங்குத்துப் பாறையும் சூப்பரா தெரியும். பக்கத்துக் கடற்கரைல ஹேன்யோன்னு சொல்ற முத்துக்குளி மாதிரி மூச்சடக்கி மூழ்குற பொம்பளைங்களையும் பாக்கலாம், சிலிண்டர் கிடையாது, நிறைய பேர் உங்க மாமியார் வயசைத் தாண்டினவங்க! (இத அவங்ககிட்ட சொல்லிக்காட்டிடாதீங்க தாயே.)

'இல்ச்சுல்போங்'னாலே சூரிய உதயச் சிகரம்தான். ஆனா மேகம் மூடிடுச்சுன்னா நாலு மணிக்கு எழுந்தது வேஸ்ட், அதுக்கும் மனச தயார் பண்ணிக்கோங்க. மாசத்தோட முதல் திங்கள் மேல விடமாட்டாங்க, தேதி பாத்து பிளான் போடுங்க.

கேள்வி: எரிமலைன்னா வெடிக்காதா? பயமா இருக்கு.

பதில்: அது வெடிச்சு சுமார் 5000 வருஷம் ஆச்சுங்க. ஆழமில்லாத கடலுக்கடியில மேல வந்த நெருப்புக் குழம்பு தண்ணில பட்டதும், காய்ஞ்ச எண்ணெய்ச் சட்டில தண்ணி தெளிச்சா எப்படி வெடிக்கும், அந்த மாதிரி சிதறி, சாம்பல் அடுக்கடுக்கா படிஞ்சு உருவான குன்று அது. முதல்ல தனித்தீவாதான் இருந்துச்சு, அப்புறம் மணல் சேர்ந்து ஜெஜுவோட ஒட்டிக்கிச்சு. உச்சில நின்னா குழம்பு எதுவும் இருக்காது, சுமார் 600 மீட்டர் அகலத்துக்கு பச்சைப் புல்லு நிறைஞ்ச கிண்ணம், சுத்தி கிரீடம் வச்ச மாதிரி பாறைங்க, அதுக்கு அந்தப் பக்கம் கடல். கிண்ணத்துக்குள்ள இறங்க விடமாட்டாங்க. 2007ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாச்சு.

ஒண்ணு கேட்டுக்கோங்க, மேல ஏறிட்டா குன்றோட அழகு உங்களுக்குத் தெரியாது, அதுமேலதானே நிக்கிறீங்க. முழுசா பாக்கணும்னா க்வாங்சிகி கடற்கரைக்குப் போங்க, அலை உள்வாங்குற நேரத்துல பாசி படிஞ்ச பாறைக்குப் பின்னாடி குன்று நிக்கும், ஃபோட்டோவுக்கு அதான் இடம். படி ஏறுற வேலையும் இல்ல.