வாங்குவோர் கேள்வி-பதில்: வராத டாங்கிக்கு முழுப் பணமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே சாமானைப் பற்றியவை: பிளாஸ்டிக் டாங்கி. தண்ணீர்த் தொட்டி இல்லை, பெட்டியில் பாகம் பாகமாக வாங்கி நாமே ஒட்டிச் செய்கிற ராணுவ டாங்கியின் குட்டி நகல். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இத்தனை பேர் ஸ்கேல் மாடல் ஒட்டுகிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. நானும் அந்தப் பைத்தியம்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும். கிரைண்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறைவரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): என் அப்பா ராணுவத்தில் டி-55 டாங்கி ஓட்டியவர். அந்த டாங்கிக்கு 1/35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) புத்தம்புதுக் கிட் வரப்போவதாக ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளர் அறிவித்திருக்கிறார். நான் வழக்கமாக வாங்கும் ஆன்லைன் கடை முன்பதிவைத் தொடங்கிவிட்டது. முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறது. சம்பா நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. அப்பாவுக்கு 78 வயது. அவருக்குச் செய்து கொடுக்க ஆசை. கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

மாடல் உலகில் அறிவிப்பு என்பது கல்யாணத்தில் ஜாதகம் வாங்கிப் பார்க்கிற கட்டம். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பொம்மைக் கண்காட்சி, மே மாதம் ஜப்பானின் ஷிசுவோக்காவில் ஹாபி கண்காட்சி. இவற்றை ஒட்டி ஒவ்வொரு தயாரிப்பாளரும் பெரிய பட்டியலாக வெளியிடுவார்கள். முதலில் கணினியில் வரைந்த படம் வரும். அப்புறம் சோதனை வார்ப்பின் போட்டோ. அதற்கும் பிறகுதான் பெட்டிப் படம், பாகங்களின் படம். கணினிப் படத்தோடு நின்று, வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த கிட்டுகளும் உண்டு. ஓசையில்லாமல் பட்டியலிலிருந்து காணாமல் போனவையும் உண்டு. உங்கள் கடை எந்தக் கட்டத்தில் பணம் கேட்கிறது என்று பாருங்கள். இன்னும் வரைபடம்தான் என்றால், உங்கள் நெல் பணத்தில் அந்தக் கடை வேறு சரக்கு எடுத்து வியாபாரம் பார்க்கும்.

எனக்கு இப்படி ஒருமுறை ஆயிற்று. கடையின் பெயர் வேண்டாம். முழுப் பணம் கட்டினேன். பதினான்கு மாதம் கழித்து, 'விலை ஏறிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டினால் அனுப்புகிறோம்' என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் கடைக் கணக்கில் வரவு வைத்துக் கொடுத்தார்கள், ரூபாயாகத் தரவில்லை. அந்த வரவை வைத்து எனக்கு வேண்டாத ஒரு விமானக் கிட் வாங்கினேன். இன்னும் பரணில் இருக்கிறது.

முன்பதிவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சரக்கு இந்தியாவுக்கு வந்து இறங்கிய பிறகு பாக்கியைக் கட்டலாம் என்று சொல்லிச் சிறிய அட்வான்ஸ் வாங்கும் கடைகள் இருக்கின்றன. அந்த அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை என்ற அளவில் இருந்தால் கொடுங்கள். அதற்கு முன் நாலு விஷயத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: இன்றைய விலைதான் கடைசி விலையா, எந்தத் தேதிவரை ரத்து செய்யலாம், ரத்து செய்தால் பணம் வங்கிக் கணக்குக்கே திரும்புமா, தயாரிப்பாளர் தள்ளிப்போட்டால் யார் யாருக்குச் சொல்வது. போனில் 'அதெல்லாம் பாத்துக்கலாம் சார்' என்றால் அது வெறும் பேச்சு, அவ்வளவுதான். நாளைக்கு அதை எடுத்துக் காட்ட முடியாது.

அடுத்து, புதுசு என்கிறார்களே, எது புதுசு? பெட்டி புதுசா, அச்சு புதுசா? பழைய அச்சில் வார்த்த அதே பாகங்களுக்குப் புது ஓவியமும் ஒரு துண்டு ஒட்டுப்படமும் போட்டுப் புது எண்ணோடு விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒரு நிறுவனத்தின் அச்சை இன்னொரு நிறுவனம் தன் பெட்டியில் போட்டு விற்பதும் உண்டு. ஜப்பான் நிறுவனமான தமியாவின் டி-34 டாங்கிக் கிட், 1970களில் வந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது. அதைக் குறையென்று நான் சொல்லவில்லை, விலையும் அதற்கேற்ப இருந்தால் சரி. ஸ்கேல்மேட்ஸ் என்ற தளத்தில் கிட் எண்ணைப் போட்டால், அந்த அச்சு எந்த வருஷம் பிறந்தது, எத்தனை பெட்டி மாறியது என்று பரம்பரையே வந்துவிடும். அறிவிப்பைப் பார்த்ததும் அங்கே ஒரு நடை போய்வருவது என் வழக்கம்.

இப்போது உங்கள் விஷயம். அப்பாவிடம் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் முதலில் அதை எடுங்கள். டி-54, டி-55 இரண்டும் நம் ராணுவத்தில் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுக்கும் பக்கத்துக்கு ஐந்து சக்கரம், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் பெரிய இடைவெளி. வித்தியாசம் மேலே இருக்கிறது. டி-54 கோபுரத்தின் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) கூரையில் காளான் குடை போல ஒரு காற்றுப்போக்கி துருத்திக்கொண்டிருக்கும். டி-55 கோபுரத்தில் அது கிடையாது. வரப்போகும் கிட்டின் கோபுரத்தைப் போட்டோவோடு ஒப்பிட்டாலே பாதி சந்தேகம் தீரும்.

இன்னொன்றும் உண்டு. 1971 போரில் எதிர்த்தரப்பான பாகிஸ்தானிடம் இருந்தது சீனாவின் டைப் 59. அது டி-54-இன் நகல். ஜம்மு பக்கத்துச் சம்ப் போர்முனை மாதிரியான இடத்தில் இரண்டு தரப்பும் ஒரே சாயலில் நின்றால் சொந்த வண்டியையே சுட்டுவிடும் ஆபத்து. அதனால் நம் வண்டிகளின் பீரங்கிக் குழாய்க்கு நடுவில் ஒரு போலி உருளையை மாட்டி அடையாளம் வைத்தார்கள். பின்னாளில் பல வண்டிகளில் 100 மி.மீ. ரஷ்யக் குழாயை எடுத்துவிட்டு 105 மி.மீ. குழாய் போட்டார்கள். உங்கள் அப்பா ஓட்டிய வருஷத்தைப் பொறுத்து குழாய் மாறும். ரஷ்ய ராணுவ வண்டியாகச் செய்த கிட்டில் இந்த இரண்டும் இருக்காது. உருளையை நாமே செய்துவிடலாம். பால்பாயிண்ட் பேனாவின் உடலில் ஒரு துண்டு வெட்டி முயன்று பாருங்கள்.

78 வயது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். வரப்போகிற கிட்டுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? டி-55க்கு நல்ல கிட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. தமியாவுடையது சுலபம், சாயங்கால வேளைகளில் உட்கார்ந்தால் சில வாரத்தில் முடியும். மினிஆர்ட் என்ற நிறுவனத்தின் சில கிட்டுகளில் உள்ளறை, எஞ்சின் எல்லாம் உண்டு, பாகங்கள் ஆயிரத்தைத் தாண்டும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் அது சுகம். முதல் டாங்கி என்றால் தமியா போதும். செய்து முடித்தால் குழாயோடு சேர்த்து 25 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும், டிவி ஸ்டாண்டில் வைக்கலாம். அப்பாவே ஓட்டுநர் மூடியைக் காட்டி 'இங்கதான் உட்காந்திருந்தேன்' என்று சொல்லட்டும். புதுக் கிட் வந்த பிறகு, நல்லது என்று நாலு பேர் செய்துகாட்டிய பிறகு, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): இங்கே கேட்கும் விலைக்கும் ஜப்பான், ஹாங்காங் கடைகளின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நேரே அங்கிருந்து வரவழைத்தால் லாபமா? கூடவே பெயிண்டும் பசையும் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் சுங்க வரி. ஸ்கேல் மாடலும் பொம்மையும் சுங்கப் பட்டியலில் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை வரி 20 சதவீதமாக இருந்தது, 2020இல் 60 ஆகி, 2023இல் 70 ஆயிற்று. இங்கே உள்ள கடைக்காரர் இதைக் கட்டித்தான் இறக்குகிறார். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

உங்கள் பெயருக்குத் தனிப் பார்சலாக வந்தாலும் வரி உண்டு, விகிதம் வேறு. கிட் விலைக்கு மட்டும் போடுவார்கள் என்று நினைக்காதீர்கள், அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். கூரியராக இருந்தால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனி. 'கிஃப்ட் என்று எழுதச் சொல்லட்டுமா' என்று சிலர் கேட்கிறார்கள். சின்னப் பரிசுப் பார்சலுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரோடு போயிற்று. பொய் விலை எழுதினால் பார்சலே மாட்டிக்கொள்ளும். நான் பார்த்தவரை ஒரே ஒரு கிட்டுக்கு இறக்குமதி கட்டாது. இங்கே கிடைக்கவே கிடைக்காத கிட் என்றால் மட்டும் வரவழைக்கலாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள்.

பெயிண்ட், பசை வேண்டாம். தீப்பற்றும் திரவத்தை விமானத் தபாலில் அனுப்பக் கூடாது. இங்கேயே ஹாபி கடைகளில் தரைவழியாக வரவழைக்கலாம். சின்னப் பாகத்துக்கு ஃபெவிக்விக் ஓடும். ஆனால் கண்ணாடிப் பாகத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்ப்ரேயும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டுப் பெயிண்ட் சாம்பல் பூசினாற்போல் ஆகும். நான் ஒட்டும் வேலையை மழையில் வைத்துக்கொண்டு, பெயிண்டைத் தை பிறந்த பிறகுதான் எடுப்பேன். செயினில் அப்பும் சேற்றுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். காவிரி வண்டலைக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் குழைத்தால் எந்த ஜப்பான் பாட்டிலும் கிட்டே வராது.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): ஆன்லைனில் வாங்கிய கேவி-2 டாங்கிக் கிட்டில் ஒரு பாகச் சட்டமே (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் ஃபிரேம்) இல்லை. கடைக்காரர் 'பெட்டி சீல் உடைந்துவிட்டது, திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார். உடைக்காமல் எப்படிப் பார்ப்பது?

பதில்: நியாயமான கேள்வி. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தராவிட்டால் 1915க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம்வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு.

ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கிட் தயாரிப்பாளருக்கே, பெட்டியின் படத்தையும் இல்லாத ஃபிரேமுக்குக் குறிப்புத்தாளில் உள்ள அடையாள எழுத்தையும் போட்டு எழுதுங்கள். பலர் அந்த ஃபிரேமை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். சண்டையைவிட அது சீக்கிரம். இனிமேல் பார்சலைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். பாகப் பைகளைக் கத்தரிக்கும் முன் குறிப்புத்தாளோடு எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் அலமாரியிலிருந்து எடுத்து விற்றது என்றால் இந்த மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தாது. அங்கே ஆளைத் தெரிந்தால் வாங்குங்கள்.

கேள்வி (திருவையாறு வாசகி): மகன் முதன்முதலாகச் செய்த டி-34 டாங்கியைக் கொலுவில் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அத்தை கூடாது என்கிறார். பிளாஸ்டிக் என்பதால் விளக்குச் சூட்டில் ஏதாவது ஆகுமா?

பதில்: அத்தைக்கு நான் பதில் சொல்ல முடியாது, சூட்டுக்குச் சொல்கிறேன். கிட்டுகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. சுமார் 100 டிகிரியில் இளகிவிடும், மெல்லிய குழாய் அதற்கும் முன்பே வளையலாம். குத்துவிளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் இரண்டு முழம் தள்ளி வையுங்கள். சீரியல் பல்பு ஒன்றும் செய்யாது. படியில் சாமிகளோடு இடம் கேட்க வேண்டாம். கீழே தரையில் பார்க் கட்டுவீர்கள் அல்லவா, அங்கே செட்டியார் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தட்டும். பீரங்கி மட்டும் அத்தை உட்காரும் பக்கம் திரும்பியிருக்க வேண்டாம்.