வீடியோ பார்க்காமல் வந்தால் மறுபடி நடத்தலாமா? தலைகீழ் வகுப்பறை: கேள்வி பதில்

பாடத்தை வீட்டில் கேட்டுவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போடும் முறையில், பொறியியல் முதலாம் ஆண்டுக்கு மின்சுற்று எடுக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கே: மேடம், அறுபது பேரில் இருபது பேர்கூட வீடியோ பார்ப்பதில்லை. கடைசியில் நானே நடத்திவிடுகிறேன்.

ப: அதை முதலில் நிறுத்துங்கள். ஒருமுறை நடத்திவிட்டால், பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளும் அடுத்த வாரம் பார்க்க மாட்டார்கள். நான் உள்ளே போனதும் அரைத்தாளில் மூன்று சின்னக் கேள்வி, ஐந்து நிமிடம், இன்டர்னலில் கொஞ்சம் மார்க். பார்க்காதவர்கள் கடைசி பெஞ்சில் ஹெட்போனோடு பார்த்து முடித்துவிட்டுக் குழுவில் சேரலாம், திட்டு கிடையாது.

கே: ஹாஸ்டலில் நெட் சரியில்லை, என்ன செய்ய?

ப: வீடியோ கட்டாயமே இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் இப்படி ஆரம்பித்தபோது யூடியூபே கிடையாது, படித்துவிட்டு வரச் சொன்னார். நான்கு பக்கம் ஜெராக்ஸ் போதும்.

கே: சரி, ஐம்பது நிமிடமும் வகுப்பில் என்னதான் செய்வது?

ப: எல்லாமே இதில்தான் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி கேட்பேன்: ஒரே மாதிரி இரண்டு பல்பைத் தொடரிணைப்பில் பேட்டரியோடு மாட்டி, இரண்டாவது பல்பின் இரு முனையையும் ஒரு வயரால் இணைத்தால் முதல் பல்பின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? பேசாமல், விடைக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்ட வேண்டும். ஃபார்முலா மனப்பாடமாகத் தெரிந்தவர்களிலேயே பலர் குறையும் என்பார்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் நான் விளக்குவேன், 70-ஐத் தாண்டினால் அடுத்த கேள்வி, நடுவில் இருந்தால் வேறு விரல் காட்டியவரோடு மூன்று நிமிடம் வாதாடச் சொல்வேன். வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிடும், ஆகட்டும். "சுலபமா ஒரு வழி கிடைச்சிருக்கு, கரண்ட் ஏன்டி பல்புக்குள்ள போகும்?" என்று ஒரு மாணவி தோழியிடம் கேட்டாள், அதைவிடத் தெளிவாகப் போர்டில் எழுதிவிட முடியாது. அப்புறம் நிஜ பல்பையே மாட்டிக் காட்டினேன்: இரண்டாவது அணைந்தது, முதலாவது பளிச்சென்று எரிந்தது.

கே: என் 50 நிமிட வகுப்பையே ரெக்கார்ட் செய்து போடலாமா?

ப: வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத்தளத்தின் பாடங்களை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வீடியோ என்றாலும் எந்த நிமிடத்திலிருந்து எதுவரை என்று குறித்துக் கொடுங்கள்.

கே: "மேடம் நடத்துவதே இல்லை" என்று ஃபீட்பேக்கில் எழுதுகிறார்கள்.

ப: எனக்கும் எழுதினார்கள், வலித்தது. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், தாங்களே முட்டி மோதிப் படித்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாக வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். இதை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், முதல் டெஸ்ட் முடிந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.